விழிப்பு மாத்திரைக்கு இரண்டு பேர்

எங்கள் வீட்டில் வியாதி யாருக்கு வந்தாலும் அதை டாக்டரிடம் சொல்லும் உரிமை என் மாமியாருக்குத்தான். நோயாளி நாக்கை நீட்டலாம், ஊசிக்குக் கையை நீட்டலாம். பேச்சு மட்டும் மாமியுடையது. எனக்கு முதல் பிரசவ வலி எடுத்தபோதுகூட, "இடுப்புலேருந்து முன்னால இழுத்துப் பிடிக்கு டாக்டரே, பல்லைக் கடிச்சிட்டு நிக்கா" என்று சொன்னது அவர்தான். நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததால் மறுக்கவும் முடியவில்லை. சொன்னது சரியாக வேறு இருந்தது, அதுதான் எனக்கு இன்றுவரை எரிச்சல்.

மாமியின் பெயர் பூங்கனி. அருமனையில் எங்கள் ரப்பர் மரங்களுக்கு நடுவே வீடு. மாமா காலமாகி ஆறு வருடமாகிறது. என் கணவர் அனில்குமார் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். வருடத்துக்கு ஒரு தடவை நாற்பது நாள் லீவில் வருவார். நந்தனா, சுபிதா என்று எங்களுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மாமிக்கு இந்த இரண்டோடு நிறுத்த மனமில்லை. ஞாயிறுதோறும் அய்யாவழிக் கோயிலான நிழல்தாங்கலுக்குப் போய் நெற்றியில் நாமம் இட்டுத் திரும்பியதும், "ஒரு ஆம்பளப் பிள்ளைய அய்யா தருவாரு" என்று என் முகத்தைப் பார்க்காமல் வயிற்றைப் பார்த்துச் சொல்வார்.

என் வியாதி உறக்கம். ராத்திரி முழுக்கப் போனைப் பார்த்துவிட்டுப் பகலில் கொட்டாவி விடுகிற உறக்கம் அல்ல. நின்றபடியே, பேசியபடியே, சோறு பிசைந்தபடியே வருகிற உறக்கம். கல்யாணத்துக்கு முன் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தேன். கரும்பலகையில் சமன்பாடு எழுதிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகும். சாக்பீஸ் கோடு சரிந்து தரைப்பக்கம் போகும். பிள்ளைகள் சிரிக்கும் சத்தத்தில் விழிப்பேன். வேலை போனது. கல்யாணமாகி வந்த வீட்டில் மடிச்சி, அதாவது சோம்பேறி, என்று பெயர் வாங்கினேன். மந்திரித்த கயிறு கட்டினார்கள், ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள், பச்சைத் தண்ணீரை முகத்தில் அடித்தார்கள். உறக்கத்திலேயே பதினோரு வருடம் போனது. யாராவது என்னை அடித்திருந்தால்கூட இவ்வளவு அழுதிருக்க மாட்டேன்.

கடைசியில் மார்த்தாண்டத்தில் நரம்பு டாக்டர் ததேயுஸ் கண்டுபிடித்தார். திருவனந்தபுரத்துக்கு அனுப்பி, தலையில் வயர் ஒட்டி, உறக்கத்தைச் சோதிக்கச் சொன்னார். முடிவு வந்ததும், நார்கோலெப்சி, இது சோம்பேறித்தனம் இல்லை, மூளையில் உள்ள கோளாறு என்றார். மோடாஃபினில் என்று ஒரு மாத்திரை எழுதினார்.

"காலையில ஒண்ணு. மத்தியானத்துக்கு மேல போட்டா ராத்திரி முழுக்க ஃபேனைப் பாத்துட்டுக் கெடப்பீங்க" என்றார். தலை வலிக்கலாம், பசி குறையலாம், நெஞ்சு படபடக்கலாம். தோலில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு அன்றே ஓடி வரவேண்டும். ஒவ்வொன்றுக்கும் மாமி தலையாட்டினார்.

"வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுதீங்களா?" என்று டாக்டர் என்னிடம் கேட்டார்.

"ஒண்ணும் கிடையாது டாக்டரே. உறக்கத்தை விட்டா இவளுக்கு வேற ஒரு கேடும் இல்ல" என்றார் மாமி.

என் பழைய ஜாமெட்ரி பாக்ஸில் கருத்தடை மாத்திரை இருந்தது. நாகர்கோவிலில் ஒரு பெண் டாக்டர் எழுதித் தந்தது. அனில் வருவதற்கு முந்தைய மாதமே போடத் தொடங்கிவிடுவேன். மூன்று வருடமாக மாமி அய்யாவிடம் வேண்டுவதும் நான் ஜாமெட்ரி பாக்ஸைத் திறப்பதும் ஒரே வீட்டில் நடந்துகொண்டிருந்தது. அதை மாமியின் முன்னால் எந்த வாயால் சொல்வது.

மாத்திரை வேலை செய்தது. முதல் வாரத்தில் ஒரு சினிமாவை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தேன். கதை ஒன்றுமில்லாத படம்தான், ஆனாலும் அதன் முடிவு எனக்குத் தெரிந்தது என்று சந்தோஷத்தில் அழுதேன். ஜூன் மாதம் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கச் சேர்ந்தேன். இப்போது கரும்பலகையில் என் கோடுகள் நேராகப் போகின்றன.

என் கூடப் படித்த ஜின்சி குவைத்தில் நர்ஸ். லீவில் வந்திருந்தவளைப் பார்க்கப் போயிருந்தேன். டீ குடித்துக்கொண்டே என் இரண்டு மாத்திரைகளின் பெருமையையும் அவளிடம் அளந்தேன். காலையில் ஒன்று விழிக்க, ராத்திரி ஒன்று பிள்ளை வராமல் இருக்க.

ஜின்சி டம்ளரைக் கீழே வைத்தாள். "ஏட்டி, நீ ரெண்டையும் சேத்தா தின்னுத?"

"சேத்து இல்ல, இது காலையில, அது ராத்திரி."

"எப்ப தின்னாலும் வயித்துக்குள்ளதானே போவு. இந்த முழிக்க மாத்திரை அதுக்க சக்தியக் குறைச்சிரும் கேட்டியா. அத நம்பி இருந்தா பிள்ளை வந்து நிக்கும். பிள்ளை உண்டானா இந்த மாத்திரைய நிறுத்தச் சொல்லுவாவ."

மாத்திரையை நிறுத்தினால் மறுபடியும் உறக்கம். கரும்பலகை போகும், பள்ளிக்கூடம் போகும். பிறக்கும் பிள்ளையைக்கூடப் பாதிக் கண்ணில்தான் பார்க்க முடியும். சனிக்கிழமை அனில் வருகிறார்.

"நீயாட்டு எதையும் நிறுத்தாத, எதையும் கூட்டாத. டாக்டர்ட்ட போயி உள்ளதச் சொல்லு" என்றாள் ஜின்சி.

"மாமி கூட வருவாவளே."

"அதுக்கு எங்கிட்ட மருந்து இல்ல மக்கா" என்றாள்.

இந்தக் கவலைக்கு நடுவே வீட்டில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. ஃபிரிட்ஜ் மேல் வைத்திருந்த என் மாத்திரை அட்டை வேகமாகக் காலியாயிற்று. பிள்ளைகள் எடுத்து விழுங்கிவிட்டார்களோ என்று பயந்து இரண்டையும் உட்காரவைத்து விசாரித்தேன். இரண்டும் பரிதாபமாக விழித்தன. பிறகு என் மேலேயே சந்தேகம் வந்தது. பதினோரு வருடம் உறங்கியவள், ஒன்று போட்டதை மறந்து இன்னொன்றைப் போட்டிருந்தாலும் ஆச்சரியமில்லை.

மாமியின் போக்கும் சரியில்லை. நான் சாயங்காலம் வந்து பார்த்தால், வீட்டிலுள்ள பித்தளை எல்லாம் புளி போட்டுத் தேய்த்து வெயிலில் கிடக்கும். முற்றத்தை மூன்று தடவை பெருக்கியிருப்பார். மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் வைத்தால் கடைசி மீன் முள்ளையும் விடாதவர், "வேண்டாம் மக்ளே, எறங்கல்ல" என்று தட்டைத் தள்ளினார். ஆனால் பேச்சு மட்டும் நிற்கவில்லை. ராத்திரி நான் உறங்கப் போகும்போதும் பேசிக்கொண்டிருப்பார், காலையில் எழும்போது அதே விஷயத்தைத் தொடர்ந்துகொண்டிருப்பார்.

"தலைக்குள்ள இடிக்கு. நெஞ்செல்லாம் ஒரே வெப்ராளம், படபடன்னு அடிக்கு. பக்கத்து வீட்டு செல்லத்தாய் எனக்கு என்னமோ செய்வினை வச்சிருக்கா" என்றார் ஒரு நாள்.

செல்லத்தாய்க்குத் தன் வீட்டுக் கோழியை அடைக்கவே நேரமில்லை. எனக்கு என் ரகசியம்தான் பெரிது.

டாக்டரிடம் போகிறேன் என்று சொல்லாமலே கிளம்பிவிட நினைத்தேன். ஆஸ்பத்திரிச் சீட்டை நான் பையில் வைத்ததைப் பார்த்துவிட்டார் போலிருக்கிறது, செருப்பை மாட்டும்போது மாமி பட்டுக்கரை வேட்டிச்சேலை உடுத்துக் குடையோடு வாசலில் நிற்கிறார். "நானும் வாறேன். எனக்கும் அந்த டாக்டரப் பாக்கணும்" என்றார். பார்க்கணும் என்று மட்டும் சொன்னார், எதற்கு என்று சொல்லவில்லை. பஸ்ஸில் மார்த்தாண்டம் வரை இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச்சை நிறுத்தாத மாமி மௌனமாக இருந்ததைப் பார்த்துக் கொஞ்சம் கலங்கினேன்.

டோக்கன் கூப்பிட்டு உள்ளே போனோம். வழக்கம்போல நோயாளியின் ஸ்டூலில் மாமி உட்கார்ந்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார் டாக்டர் ததேயுஸ்.

"அவ நல்லா இருக்கா டாக்டரே" என்றார் மாமி. அத்தோடு நிறுத்திவிட்டார். நான்கு சொல்லில் மாமி என் வியாதியை முடித்தது அதுதான் முதல் தடவை.

நான் முந்திக்கொண்டேன். "மாமி, செருப்பு ரெண்டும் வெளிய கெடக்கு. உங்களுக்க புதுச் செருப்பு. யாராவது மாத்திப் போட்டுட்டுப் போயிரப் போறாவ, ஒண்ணு பாத்துட்டு வாங்க."

"நீ போய்ப் பாரு மக்ளே. எனக்குக் குனிய முடியாதே."

"குனிய வேண்டாம் மாமி, நின்னுட்டே பாத்தா போதும்."

"உனக்குக் கண்ணு நல்லாத் தெரியும். போற வழியில ஒரு டீயும் குடிச்சிட்டு வா. பைய இருந்து குடி."

"எனக்கு டீ வேண்டாம். உங்களுக்குத்தான் தலை இடிக்குன்னியளே, நீங்க போய்க் குடிங்க."

"டீ குடிச்சா எனக்கு இன்னும் இடிக்கும்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "உங்க ரெண்டு பேருக்கும் எங்கிட்ட தனித்தனியா சோலி இருக்கு. ஒருத்தர் வெளிய நில்லுங்க. வயசுக்கு மூத்தவங்க மொதல்ல பேசட்டும்."

நான் வெளியே வந்தேன். கதவுக்குப் பதில் ஒரு பச்சைத் திரைதான். மாமியின் ரகசியக் குரல் குழித்துறைப் பாலத்துக்கு அந்தப்பக்கம் வரை கேட்கும். நான் காதைப் பொத்தவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, நானும் பொத்தவில்லை.

"டாக்டரே, அவளுக்க முழிக்க மாத்திரைய நான் களவாண்டு தின்னுட்டேன்."

"எத்தனை?"

"எண்ணல்ல. ஒரு அஞ்சாறு இருக்கும். மத்தியானம் சோறு உண்டதும் ஒண்ணு."

"எதுக்கும்மா?"

திரைக்கு இந்தப்பக்கம் நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன். பித்தளைப் பாத்திரமும் செல்லத்தாய் வைத்த செய்வினையும் எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டன.

"அவ பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டா பிள்ளையளு மூணு மணிக்கு வந்திரும். எனக்குச் சோறு உள்ள போனா கண்ணு நிக்காது. அண்ணைக்கு ஒருநாளு பட்டுன்னு முழிச்சுப் பாக்கேன், சின்னதக் காணல்ல. ஓடிப் போனா, ரப்பர் ஷீட்டு அடிக்குத கொட்டகைப் புரைக்குள்ள இருக்கு. ரப்பர் பாலு உறைய ஊத்துத ஆசிட் குப்பியத் தொறந்து கையில வச்சிருக்கு. நானும் ஷீட்டு அடிக்கேன் பாட்டின்னு சிரிக்கு. குப்பி அதுக்க முகத்துக்கு நேர இருந்திச்சு டாக்டரே."

என் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"மருமகள்ட்ட சொல்லலியா?"

"சொன்னா அவ மறுநாளே வேலைய விட்டிட்டு வீட்ல இருப்பா. அவ கெடந்த கெடப்ப நான் பாத்திருக்கேன். வியாதின்னு தெரியாம நான் அவள என்னவெல்லாமோ பேசியிருக்கேன். இப்பதான் அந்தப் பிள்ள மனுசியாட்டு நடமாடுது. அவ முழிச்சிருக்கதுக்கு நானும் முழிச்சிருக்கணும்னு தோணிச்சு. அவளுக்குக் கேக்குத மாத்திரை எனக்குக் கேக்காதான்னுதான் எடுத்துப் போட்டேன்."

நான் அழுதேன். வெளியே பெஞ்சில் இருந்தவர்கள், யாருக்கோ பெரிய வியாதி என்று என்னைப் பாவமாகப் பார்த்தார்கள்.

உள்ளே டாக்டர் பிரஷர் பார்க்கும் சத்தம் கேட்டது. பிறகு திட்டும் சத்தம். "உங்க பிரஷர் ஏறிக் கெடக்கும்மா. தலைவலி, நெஞ்சுப் படபடப்பு, பசி இல்லாதது, ராத்திரி உறக்கம் போனது எல்லாம் இந்த மாத்திரை செய்த வேலை. ஒருத்தருக்கு எழுதினத இன்னொருத்தர் தொடப்பிடாது. இதயத்துல கோளாறு இருந்திருந்தா என்ன செய்வீங்க? போகும்போது ஈசிஜி எடுத்துட்டுப் போங்க. ஆசிட்டையும் மாத்திரையையும் வச்சுப் பூட்டுங்க. மத்தியானம் சோத்தைக் குறைச்சு, பிள்ளைங்க வாறதுக்கு முன்னால அலாரம் வச்சு அரை மணிக்கூர் உறங்குங்க."

"அந்த நேரத்துலதானே டாக்டரே டிவில நாடகம்."

"நாடகம் ஓடட்டும், நீங்க உறங்குங்க."

"செரி. இன்னொரு காரியம் உண்டு." மாமி குரலை இன்னும் தாழ்த்தினார்; பெஞ்சிலிருந்த எல்லோருக்கும் கேட்டது. "என் மவன் சனியாழ்ச்ச லீவுல வாறான். அவளுக்கு இனி பிள்ள ஆகாதுன்னு நீங்களாட்டு அவங்க ரெண்டு பேருட்டயும் சொல்லணும்."

"நீங்க பேரன் வேணும்னு சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

"அது வாய் சொல்லுகது. நாலு பேரு கேக்கும்போ வேற என்ன சொல்ல? ரெண்ட வச்சே நான் மாத்திரை களவாண வேண்டி வந்தாச்சு. மூணாமத்தது வந்தா அதுக்குப் பாலு கொடுக்க அவ முழிச்சிருக்க மாட்டா, பாத்துக்க நான் உயிரோட இருக்க மாட்டேன். நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிரப்பிடாது."

மூன்று வருடமாக என் வயிற்றைப் பார்த்துப் பேசியவர் இவர்தான். எனக்கு அழுகையும் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. எதை முதலில் செய்வது என்று தெரியாமல் மூக்கைத் துடைத்தேன்.

திரையை விலக்கிக்கொண்டு மாமி வந்தார். ஒன்றுமே நடக்காத முகம். "போ மக்ளே, உன்னக் கூப்பிடுதாரு" என்றார். நான் உள்ளே போனேன். அவர் திரைக்கு வெளியே, நான் நின்ற அதே இடத்தில் நின்றார். அவருடைய கால் விரல்கள் திரைக்குக் கீழே தெரிந்தன.

நான் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"மொதல் நாளே கேட்டேனே, வேற மாத்திரை உண்டான்னு."

"கேட்டீங்க சார். பதில் சொன்னது நான் இல்ல."

அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். "அது எனக்க தப்புதான், உங்களத் தனியாக் கேட்டிருக்கணும். அந்தக் கருத்தடை மாத்திரைய நம்ப முடியாது. இந்த மாத்திரைய நிறுத்தினாலும் ஒண்ணு ரெண்டு மாசத்துக்கு அதே கதைதான். நாகர்கோவில் டாக்டர்ட்ட சொல்லி காப்பர்-டி மாதிரி வேற வழி பாருங்க. அதுவரைக்கும் உங்க வீட்டுக்காரர் உறை போட்டே ஆகணும். நாள் தள்ளிப்போனா அண்ணைக்கே என்னக் கூப்பிடணும்."

திரைக்குக் கீழே விரல்கள் அசைந்தன. அடுத்த நொடி மாமி உள்ளே நின்றார்.

"எத்தனை வருசமாட்டு தின்னுத?" என்று என்னைக் கேட்டார்.

"மூணு வருசம், மாமி."

"நான் அய்யாட்ட வேண்டிட்டு இருந்ததும் மூணு வருசம்." கொஞ்சம் யோசித்தார். "செரி, அய்யாவுக்கு நம்ம வீட்டுக் காரியம் தெரிஞ்சிருக்கு." பிறகு என் முகத்தைப் பார்த்தார். அழுத கண்ணைப் பார்த்ததும் நான் கேட்டிருக்கிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. "பிள்ளைக்கு ஒண்ணும் ஆகல்ல மக்ளே. ஒரு சொட்டும் படல்ல" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

ஈசிஜி நன்றாக இருந்தது. பிரஷர் மாத்திரை வாங்க ஆஸ்பத்திரி மருந்துக்கடைக்குப் போனோம். கூட்டம் நிறைய. சீட்டை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு மாமி ஆட்களை விலக்கிப் போனார். நான் தூண் ஓரமாக நின்றேன்.

"இந்த மாத்திரையும் தா மக்ளே, உறையும் தா" என்றார் மாமி.

"என்ன உறை அம்மா, கைக்கா?" என்று கேட்டாள் கவுண்டரிலிருந்த பெண்.

"கைக்கு எதுக்கு? பிள்ள வராம இருக்கப்பட்ட உறை."

வரிசையில் எங்கள் ஊர் ரப்பர் கடைக்காரர் வைகுண்டராஜன் நின்றிருந்தார். தன் கையிலிருந்த மருந்துச் சீட்டை அவர் அவ்வளவு கவனமாக எப்போதும் படித்திருக்க மாட்டார். நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"எத்தனை பாக்கெட்?" என்று அந்தப் பெண் குனிந்துகொண்டே கேட்டாள்.

மாமி திரும்பி என்னைத் தேடினார். "ஏட்டி பிரிஜா, எங்க போய் நிக்க? நாப்பது நாளு லீவு. நீ கணக்கு டீச்சர்தானே, எத்தனை வேணும்னு கணக்குப் பண்ணிச் சொல்லு."

வைகுண்டராஜனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "பூங்கனியக்கா, அப்ப பேரன் வேண்டாமா?" என்றார் மெதுவாக.

"வேண்டாம்" என்றார் மாமி. இந்தத் தடவை ரகசியக் குரல் இல்லை, சாதாரணக் குரல். "எனக்க மருமவ முழிச்சிருந்தா எனக்கு அது போதும்."

நான் தூணை விட்டு வெளியே வந்தேன். மாமியின் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, கணக்குப் போட்டு வந்த விடையைச் சொன்னேன்.